ஏற்கெனவே எரித்துவிட்ட அக்கா

எங்கள் அக்காவுக்கு முதல் தடவை கொள்ளி வைத்தபோது அவள் உயிரோடு இருந்தாள். கண்டிச் சீமையில் ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்தில் முதுகில் கூடையோடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்திருப்பாள். இங்கே புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில், எங்கள் ஊர்க் கண்மாய்க்கு அந்தப் பக்கம், அப்பா வைக்கோலால் ஓர் ஆள் கட்டி, அதற்கு அக்காவின் பழைய சீலை ஒன்றைச் சுற்றி, ஊரைக் கூட்டி வைத்து எரித்தார்.

அவள் செய்த குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். புருஷன் அடிக்கிறான் என்று மூன்று முறை பிறந்த வீட்டுக்கு வந்தாள். மூன்று முறையும் அப்பா அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டார். கடைசித் தடவை அவள் முதுகில் இருந்த தழும்பை அம்மா விளக்கெண்ணெய் தொட்டுத் தடவியது எனக்கு நினைவிருக்கிறது. எண்ணெய் காயும் முன்பே அப்பா வண்டி பூட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணி ஒருவரோடு போன கூட்டத்தில் சேர்ந்து கப்பல் ஏறிவிட்டாள். அந்தக் கூட்டத்தில் குடும்பம் குடும்பமாகப் போனார்கள், கைக்குழந்தைகூட இருந்தது. ஊர் வாய்க்கு அதெல்லாம் எதற்கு? "கங்காணியோட ஓடிட்டா" என்று முடித்துவிட்டது.

சாவு என்றால் அழ வேண்டும். அன்றைக்கு அழக் கூடாது என்று அப்பா உத்தரவு போட்டிருந்தார். "ஓடுகாலிக்கு எவளாச்சும் வாயத் தொறந்து ஒப்பாரி வச்சா, அவளும் அவ பின்னாடியே போயிரணும்" என்றார். ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அம்மா முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அப்போது பாவாடை கட்டுகிற பெண். பதினாறாம் நாள் பந்தியில் எனக்கும் இலை போட்டு வடை பாயசம் வைத்தார்கள். அதன் பிறகு வீட்டில் அக்காவின் பேச்சே கிடையாது. செத்தவர்களைப் பற்றியாவது திவசத்துக்குத் திவசம் பேசுவார்கள். இவள் பிறக்கவே இல்லை என்பது போல ஆக்கிவிட்டார்கள். சில வருஷங்களில் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.

அக்கா ஓடிய வீட்டில் பெண் எடுக்க உள்ளூர்ப் பக்கம் யாரும் முன்வரவில்லை. அப்பா என்னை மணமேல்குடியில் ஒரு கருவாட்டு வியாபாரிக்குக் கட்டிக் கொடுத்தார். அந்த நாளில் மணமேல்குடி தஞ்சாவூர் ஜில்லாவில், வெள்ளைக்காரன் ஆட்சிக்குள் இருந்தது. எங்கள் ஊர் ராஜா ஆட்சி. நடுவில் வண்டிகளைச் சோதிக்கிற சாவடி ஒன்று உண்டு. சாவடிக்கு அந்தப் பக்கம் என்னைத் தள்ளிவிட்டதோடு பெண்பிள்ளைத் தொல்லை தீர்ந்தது என்று அப்பா நினைத்திருப்பார். நான் அங்கே நன்றாகத்தான் இருந்தேன். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர், கை ஓங்காதவர். அவர் சட்டையில் அடிக்கிற வாடையைப் பற்றி என் சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். வாடை வராத சட்டை போட்ட மாப்பிள்ளையிடம் அக்கா என்ன சுகத்தைக் கண்டாள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

கடற்கரைக்கு வந்த பிறகுதான் அக்கா எங்கே இருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. எங்கள் கரைக்கும் யாழ்ப்பாணக் கரைக்கும் தோணிகள் போய்வந்துகொண்டிருந்தன. தோணியின் தலைவரைத் தண்டேல் என்பார்கள். எங்கள் கடைக்கு வந்துபோகிற முஸ்லிம் தண்டேல் ஒருவர் ஒருநாள் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு, "தங்கச்சி, தப்பா நெனைக்காதீங்க. அங்கிட்டு தொறமுகத்துல ஒரு சோத்துக்கடை வச்சிருக்கிற அம்மா ஒங்க சாடையாவே இருக்கு. பேச்சும் ஒங்க பேச்சுத்தான்" என்றார். அக்கா தோட்டத்தை விட்டுவிட்டு வடக்கே வந்து, துறைமுகத்தில் தோணிக்காரர்களுக்குச் சோறு போடும் கடை வைத்திருந்தாள். ஏன் அந்த இடம் என்று பின்னால் கேட்டு அனுப்பினேன். நல்ல காற்று அடித்தால் அங்கிருந்து நம் கரைக்கு ஒரு ராத்திரிப் பயணம்தானே என்று பதில் வந்தது.

அவளுக்கு எழுதத் தெரியாது. சமாச்சாரமெல்லாம் தண்டேல் வாய் வழியாகத்தான். அவள் அந்த ஊர்க் கருப்பட்டியான பனங்கட்டி கொடுத்து அனுப்புவாள், நான் நெத்திலிக் கருவாடு அனுப்புவேன். வா என்று நான் கூப்பிட்டதும் உண்டு. "வந்தா நீ வாழ முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஒரு தடவை தண்டேல் கொஞ்சம் தயங்கி ஒரு சேதி சொன்னார்.

"ஒங்க அக்கா ஒண்ணு சொல்லச் சொல்லுச்சு. செத்துப்போனா ஒங்க ஊரு மண்ணுல கொண்டாந்து போடணுமாம். ஊருப் பொம்பளைங்க அழுகணுமாம். அத அது கேக்கணுமாம்."

"செத்த பெறகு எப்படிண்ணே கேக்கும்?"

"நானும் அதத்தான் கேட்டேன். அதெல்லாம் கேக்கும், நீங்க போய்ச் சொல்லுங்கன்னு சொல்லிட்டு மீன் கொழம்ப ஊத்துச்சு."

அன்றைக்கு நாங்கள் இருவரும் சிரித்தோம்.

அந்த வருஷம் தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு தந்தி வந்தது. தபாலாபீஸ்காரர் படித்துத் தமிழில் சொன்னார். அக்காள் காய்ச்சலில் இறந்தாள், இங்கேயே எரிக்கவா அங்கே கொண்டுவரவா, உடனே பதில் வேண்டும். தண்டேல்தான் அடித்திருந்தார். அவர் தோணி அப்போது அந்தத் துறைமுகத்தில் நின்றது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. இத்தனை வருஷம் ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில் இருந்தும் அவள் முகத்தை ஒருமுறை பார்க்க விடாமல் செய்த எல்லோர் மேலும் வந்தது. வீட்டுக்காரரைக் கேட்டு வரட்டுமா என்று தபாலாபீஸ்காரர் கேட்டார். "அவரோட அக்காவா செத்துப்போச்சு? எங்க அக்கா. கொண்டாரச் சொல்லி அடிங்க" என்றேன்.

அடித்துவிட்டு வந்துதான் வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் பாயில் காய்கிற கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு இன்னொரு வரிசையைத் திருப்பினார்.

"ஒங்க அப்பாரு விட மாட்டாரே" என்றார்.

"அவரு எரிச்சது வேற ஆளு. இது எங்க அக்கா."

அவர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "வண்டி அச்சுக்கு மை போடணும். தூரம் போகணும்ல" என்றார். அவருடைய சம்மதம் எப்போதும் இப்படித்தான் வரும்.

பிணத்தைத் தோணியில் ஏற்ற யாரும் சம்மதிக்க மாட்டார்கள். கடலில் போகிறவர்களுக்கு அது ஆகாது. சரக்கு என்று பொய் சொல்லித்தான் ஏற்றியிருப்பார் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று தண்டேல் பின்னால் சொன்னார். தோணிக்காரர்களை அக்காவின் கடை வாசலிலேயே நிறுத்தி, உள்ளதை உள்ளபடி சொல்லி, "இந்தம்மா கையால திங்காதவன் யாராச்சும் இருந்தா அவன் மட்டும் வேணாம்னு சொல்லு" என்றாராம். யாரும் வாயைத் திறக்கவில்லை. பாய்மரத்தில் பாய் விரிக்கிற ஒருவன் மட்டும், கால் கடலைப் பார்த்து இருக்க வேண்டும், தலை கரையைப் பார்த்து இருக்க வேண்டும் என்று சொல்லி, பெட்டியை அவனே திருப்பி வைத்தானாம்.

தோணி மறுநாள் உச்சிப்பொழுதுக்கு முன்பே வந்துவிட்டது. வாடைக் காற்று நன்றாகத் தள்ளியிருக்கிறது. நான் கரையில் நின்றேன். தோணி கட்டும் தச்சர்கள் செய்த பெட்டி அது. தோணிக்குச் செய்கிற மாதிரியே பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தைக் காய்ச்சி ஊற்றி அடைத்திருந்தார்கள். "கடலு உள்ள வராம அடைக்கத் தெரிஞ்சவங்க. நாத்தம் வெளிய வராம அடைக்கிறதா பெரிசு?" என்றார் தண்டேல். கிட்டே போய் மூக்கை வைத்துப் பார்த்தேன். குங்கிலிய வாசனைதான் வந்தது. பிறகு சொன்னார்: "வெயில்ல ரொம்ப நேரம் நிறுத்தாதீங்க தங்கச்சி. குங்கிலியம் எளகிரும்."

பெட்டியை இறக்கியதும் சுங்க அதிகாரி வந்தார். இளவயசு. தொப்பி வைத்திருந்தார். யாழ்ப்பாணத்து டாக்டர் கொடுத்த சர்டிபிகேட்டைத் தண்டேல் நீட்டினார். காலரா இல்லை, வைசூரி இல்லை, நிமோனியா. அதிகாரி இரண்டு தரம் படித்தார். பிரேதத்தை இறக்குவதில் ஆட்சேபணை இல்லை என்றார். அப்போதே கிளம்பியிருக்கலாம்.

"கெடாம இருக்க உள்ள என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார்.

"உப்பும் வேப்பிலையும்ங்க" என்றார் தண்டேல், வெள்ளை மனசோடு.

அதிகாரியின் முகம் மாறிவிட்டது. அது ஒரு பிடி உப்புக்காக ஜனங்களை ஜெயிலில் போட்ட காலம். சிலோன் உப்பை இந்தக் கரையில் இறக்கக் கூடாது, அது தீர்வை கட்டாத சரக்கு, உப்பு இருக்கிற வரைக்கும் பெட்டி நகரக் கூடாது என்றார். மேலதிகாரிக்கு எழுதிக் கேட்க வேண்டும், அதுவரை பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்றார். தலைக்கு மேலே வெயில் கொளுத்துகிறது. என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தால் அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

"எடுத்துக்கிருங்க" என்றேன்.

"என்னது?"

"ஒங்க உப்பை. பெட்டியத் தொறக்கச் சொல்றேன். சர்க்கார் உப்பு சர்க்காருக்கு. நீங்களே கைய விட்டு அள்ளி நிறுத்துக்கிட்டு எங்க அக்காவ மட்டும் குடுங்க. காலு இடுக்குல, கக்கத்துல எல்லாம் இருக்கும், ஒரு கல்லு விடாம எடுத்துக்கிருங்க. அண்ணே, கடப்பாரை இருக்கா?"

தண்டேல் நல்ல ஆள். முகத்தில் ஒரு சின்னச் சுருக்கம்கூட இல்லாமல் கடப்பாரையை வாங்கி மூடியின் இடுக்கில் வைத்தார். பலகை கிறீச்சென்றது. அதிகாரி கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். அதற்குள் எந்த நாற்றமும் வந்துவிடவில்லை.

"போங்க, போங்க. எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கரையில் நின்ற மீன்காரப் பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். பிணத்தை வைத்துக்கொண்டு சிரிப்பதா என்று யாராவது கேட்டிருந்தால், அக்கா இருந்தால் அவளும் சிரித்திருப்பாள் என்று சொல்லியிருப்பேன்.

பஸ்காரர்கள் பெட்டியைத் தொடவே மாட்டோம் என்றார்கள். எங்களிடம் சந்தைக்குக் கருவாடு கொண்டுபோகிற இரட்டை மாட்டு வண்டி இருந்தது. அதைக் கழுவி, வைக்கோல் பரப்பி, பெட்டியை ஏற்றி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடினோம். காலையிலேயே ஒரு ஆளைப் பஸ்ஸில் ஏற்றி அப்பாவிடம் அனுப்பியிருந்தோம். இன்ன மாதிரி, இன்ன நேரத்துக்கு வருகிறோம் என்று சொல்லச் சொல்லி. அவன் அறந்தாங்கியில் எங்களை எதிர்கொண்டான். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

"ஒங்க அப்பாரு, தனக்கு ஒரே மகதான்னு சொல்லச் சொன்னாருங்க. அந்த மகளும் இப்ப வரவேணாம்னு சொன்னாரு."

"வேற என்ன சொன்னாரு?"

"ஊரக் கூட்டிக்கிட்டு எல்லையில நிப்பேன்னாரு."

"நல்லதாப் போச்சு. நாம போய் ஊரக் கூட்டுற வேலை மிச்சம்" என்றேன். மாட்டை ஓட்டச் சொன்னேன். துணிச்சலாகச் சொன்னேனே தவிர, வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. மயானத்தில் இடம் கொடுக்கவில்லை என்றால் என்ன செய்வது? திரும்பிக் கடற்கரைக்குக் கொண்டுபோவதா? வழியில் ஏதாவது ஒரு பொட்டலில் குழி தோண்டி, பேர் ஊர் தெரியாத பிணத்தைப் போல மூடிவிட்டுப் போவதா? கடல் தாண்டி வந்தவளை அப்படிப் போட எனக்கு மனம் வருமா? ஒரு கையைப் பெட்டி மேலேயே வைத்துக்கொண்டு போனேன்.

விடிந்த பிறகு சமஸ்தான எல்லைச் சாவடிக்கு வந்தோம். எங்கள் வண்டியைப் பார்த்தால் அந்தக் காவல்காரருக்கு எப்போதும் சந்தோஷம். வழக்கம்போலப் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து, "என்னத்தா, இன்னைக்கு வாளையா, திருக்கையா? நமக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கிறது" என்று சாக்கைத் தூக்கினார்.

"இன்னைக்குக் கருவாடு இல்லண்ணே. எங்க அக்கா" என்றேன்.

சாக்கை அவர் மெதுவாக, ரொம்ப மரியாதையாக இருந்த இடத்திலேயே போட்டார். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வழி விட்டார். அந்த இரண்டு நாளில் எங்களிடம் ஒன்றும் கேட்காமல் வழி விட்ட உத்தியோகஸ்தர் அவர் ஒருவர்தான்.

ஊர் எல்லையில், கண்மாய்க்கரை ஏறுகிற இடத்தில், எல்லோரும் நின்றார்கள். அப்பா முன்னால். அவருக்குப் பின்னால், அக்காவுக்கும் எனக்கும் நடுவில் பிறந்த அண்ணன், தலையைக் குனிந்துகொண்டு. பக்கத்தில் அம்பலக்காரர், அதாவது ஊர்த் தலைவர். எனக்குப் பெரியப்பா முறை. பெண்கள் தள்ளி, புளியமரத்து நிழலில் கூட்டமாக நின்றார்கள். என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தி, இறங்கி, மாடுகளைப் பிடித்துக்கொண்டார்.

"வெளியூர்ல செத்த பொணம் ஊருக்குள்ள வராதுத்தா" என்றார் அம்பலக்காரர்.

"ஊருக்குள்ள வேணாம் பெரியப்பா. மயானத்துக்குப் பாதை கரைமேலதான போகுது? அப்படியே போயிர்றோம்."

அப்பா வாயைத் திறந்தார். "யாரு பொணம் அது?"

"எங்க அக்கா."

"ஒங்க அக்காளுக்கு நான் கொள்ளி வச்சு எத்தனையோ வருசமாச்சு. கருமாதி முடிச்சு ஊருக்கே சோறு போட்டாச்சு. ஒருத்திக்கு ரெண்டு சாவு கெடையாது. எவ பொணத்தையோ கொண்டாந்து எங்க மயானத்துல போட விட மாட்டேன்."

ஆமாம், அது சரிதானே என்று ஆண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. உண்மையைச் சொன்னால், காரியம் முடிந்த ஆளுக்கு மறுபடி காரியம் செய்வது எங்கும் இல்லாத வழக்கம். அம்பலக்காரர் உதட்டைப் பிதுக்கினார். வெயில் கரைமேல் ஏறிவிட்டது. நான் பெட்டியைப் பார்த்தேன். பலகை இடுக்கு ஒன்றில் குங்கிலியம் பளபளவென்று ஆகத் தொடங்கியிருந்தது.

சிலருக்குக் கோபம் வந்தால் கண் மறைக்கும். எனக்குக் கோபம் வந்தால் ஞாபகம் வரும். அந்த வைக்கோல் ஆள் என் கண்முன்னே வந்து நின்றது. நீல நிறத்தில் அரக்குக் கரை போட்ட, நைந்துபோன சீலை. எனக்குத் தாவணிக்கு ஆகும் என்று நான் கண் வைத்திருந்த சீலை அது. அதனால்தான் மறக்கவில்லை.

"பெரியப்பா, ஒண்ணு கேக்குறேன். அன்னைக்குக் கோடி யாரு போட்டா?"



எங்கள் பக்கத்தில் ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சீலை வர வேண்டும். அதுதான் கோடி. அவள் புருஷன் வீட்டில் எத்தனை காலம் வாழ்ந்திருந்தாலும், பேரன் பேத்தி எடுத்திருந்தாலும், பிறந்த வீட்டுக் கோடி வந்து மேலே விழுகிற வரைக்கும் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். கோடிக்காரர்கள் வரத் தாமதமாகிப் பொழுது சாய்கிற வரை கிடந்த பிணங்களை நானே பார்த்திருக்கிறேன். ஓடுகாலிக்கு, அதுவும் வைக்கோலுக்கு, புதுச்சீலை எதற்கு என்று அப்பா பழசைச் சுற்றிவிட்டார். அவ்வளவு பெரிய ஊர் பார்த்துக்கொண்டுதான் நின்றது. அப்பா கோபத்துக்குப் பயந்து ஒருவரும் கேட்கவில்லை.

"பழைய சீலையச் சுத்திக் கொளுத்துனாரு. கோடி விழாத பொம்பளைப் பொணத்த இந்த ஊர்ல என்னைக்காச்சும் தூக்கியிருக்கீங்களா?"

அம்பலக்காரர் தாடையைச் சொறிந்தார். "தூக்குனது இல்ல" என்றார்.

"அப்ப அன்னைக்கு எரிஞ்சது வெறும் வைக்கல். எங்க அக்கா இப்பத்தான் செத்துருக்கா. இதுதான் அவளுக்கு மொதச் சாவு."

புளியமரத்தடியில் சலசலப்பு கேட்டது. அம்பலக்காரர் அப்பா பக்கம் திரும்பினார். அவருக்கு என்மேல் பிரியமெல்லாம் கிடையாது. ஆனால் முறை என்றால் முறை என்பார், தன் சொந்தத் தம்பிக்கே அபராதம் போட்டவர்.

"ஏப்பா, அன்னைக்குக் கோடி போடலையா?"

"ஓடுனவளுக்கு எதுக்குக் கோடி?"

"அது வேற பேச்சு. போடலேல்ல?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்பச் சரி. பொறந்த வீட்டுக் கோடி வரட்டும். விழுந்ததும் பொணம் மயானத்துக்குப் போகட்டும்" என்றார் அம்பலக்காரர்.

"எங்க வீட்டுலருந்து ஒரு நூலு வராது" என்றார் அப்பா. அண்ணனைப் பார்த்து, "நீ அசஞ்ச, கொன்னுபுடுவேன்" என்றார். அண்ணன் அசையவில்லை. அக்கா இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்த பிள்ளை அவன். அவள் ஊட்டாமல் சாப்பிட மாட்டான். அன்றைக்கு அவன் நின்ற நிலையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. எழுதுகிறபோதாவது கொஞ்சம் இளகுமா என்று பார்த்தேன், இளகவில்லை.

கடை கண்ணி எல்லாம் ஆறேழு மைலுக்கு அப்பால். கோடிக்குத் துணி வாங்கிவர ஆள் போய்வரும் வரை பெட்டி தாங்காது. வாங்கி வந்தாலும் அது பிறந்த வீட்டுக் கோடி ஆகாது. நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது புளியமரத்தடியிலிருந்து எங்கள் அண்ணி எழுந்து ஊரைப் பார்த்து நடந்தாள். பிள்ளைக்குப் பசி போலிருக்கிறது, போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அண்ணி அக்காவைப் பார்த்ததே இல்லை. அக்கா போன பிறகு அந்த வீட்டுக்கு வந்தவள். மாமனார் முன்னால் அவள் நிமிர்ந்து நின்று யாரும் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது அவள் கையில் மடிப்புக் கலையாத சிவப்புச் சீலை இருந்தது. அவள் தம்பி கல்யாணத்துக்கு உடுத்த வைத்திருந்தது. கஞ்சி மொடமொடப்புக்கூடப் போகவில்லை.

"யாரக் கேட்டு எடுத்தே?" என்று அப்பா கத்தினார்.

"யாரையும் கேக்கல மாமா. சீலை என்னோடது. இந்த வீட்டுப் பெட்டியில இருந்துச்சு. இந்த வீட்டுலருந்துதான் கொண்டாந்தேன்" என்றாள். தலை நிமிரவில்லை. ஆனால் சொன்னாள்.

அம்பலக்காரருக்கு அப்போதும் ஒரு முறை பாக்கி இருந்தது. "பொறந்த வீட்டு ஆம்பளை கையால விழணுமேத்தா" என்றார். அண்ணி சீலையை அண்ணனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

நான் போய் வாங்கிக்கொண்டேன்.

"நீ அடுத்த வீட்டுக்குப் போனவ" என்றார் அம்பலக்காரர்.

"போனவதான் பெரியப்பா. பொறந்தது இங்கிட்டுத்தான். கழுத்துல ஒரு கயிறு ஏறுனதுக்காகப் பொறந்தது இல்லாமப் போயிருமா? எங்க ஆத்தாளுக்கு மூணு பிள்ளைங்க. ஒண்ணு பெட்டிக்குள்ள கெடக்கு. ஒண்ணு நின்ன எடத்துலயே நிக்கிது. மிச்சம் நாந்தான் இருக்கேன்."

அவர் பதில் யோசிக்கட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. சக்கரத்தில் கால் வைத்து வண்டியில் ஏறினேன். ஈரச் சாக்கை இழுத்துப் போட்டுவிட்டு, சீலையை உதறி விரித்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை பெட்டியின் மேல் போர்த்தினேன். அம்பலக்காரர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"இன்னையோட நீயும் செத்த" என்றார் அப்பா என்னைப் பார்த்து.

"சரிப்பா. வைக்கல் நெறையாக் கெடக்கு, கொளுத்துங்க. கோடிய மட்டும் மறந்துறாதீங்க."

அதைச் சொல்லும்போதுதான் எனக்குக் குரல் உடைந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டோ என்னவோ, புளியமரத்தடியில் ஒருத்தி, "ஏ எம் மவளே, கடலு தாண்டி வந்தியா" என்று ஓங்கி ஒரு குரல் எடுத்தாள். அந்த வைக்கோல் எரிந்த அன்று அம்மாவுக்குப் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுக்காரி அவள். அடுத்து இன்னொருத்தி. அப்புறம் யார் எப்போது ஆரம்பித்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு, அத்தனை பெண்களும் வண்டியைச் சூழ்ந்துவிட்டார்கள். அண்ணி வண்டிச் சக்கரத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அக்காவைக் கண்ணால் பார்க்காதவள் அவள். அன்றைக்கு விழுங்கியது, புருஷன் வீட்டில் விழுங்கியது, அவரவர் விழுங்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்துதான் வெளியே வந்தது என்று நினைக்கிறேன். மாடுகள் மிரண்டன. என் வீட்டுக்காரர் மூக்கணாங்கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பெண்கள் எல்லைக்கல்லைத் தாண்டி மயானத்துக்குப் போகிற வழக்கம் இல்லை. அன்றைக்கு எல்லோரும் வண்டிக்குப் பின்னால் வந்தார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை.

வண்டி நகர்ந்தபோது நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா கையை உயர்த்தி, கழுத்து நரம்பு புடைக்க, எங்களைப் பார்த்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாய் அசைவது தெரிந்தது. என்ன சொன்னார் என்று பிற்பாடு என் வீட்டுக்காரரைக் கேட்டேன், அவர்தான் மாட்டைப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றவர்.

"எங்க கேட்டுச்சு?" என்றார்.